பழைய மின்னணுப் பொருள்களையும் தீர்ந்துபோன பேட்டரிகளையும் கையாளும் முறை: இழுப்பறையிலிருந்து மறுசுழற்சி ஆலை வரை

பழுதாகிவிட்ட கைப்பேசியை யாரும் உடனே தூக்கி எறிவதில்லை. மேசை இழுப்பறைக்குள் போட்டு வைக்கிறோம். அதன் மேல் ஒரு சார்ஜர், அதன் மேல் அறுந்துபோன இயர்போன், மூலையில் உருளும் நான்கைந்து பென்சில் பேட்டரிகள் என்று அந்த இழுப்பறை ஆண்டுக்கணக்கில் நிரம்பிக்கொண்டே போகிறது. சில ஆண்டுகளுக்கு முன் என்னுடைய இழுப்பறையைத் துப்புரவு செய்தபோது, பழைய கைப்பேசி ஒன்றின் பின்மூடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, திரைக்கும் சட்டத்துக்கும் இடையே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. உள்ளே இருந்த பேட்டரி வாயு நிறைந்து புடைத்திருந்தது. அதற்கு அடுத்து ஒரு கத்தரிக்கோல், முனை மேல்நோக்கியபடி கிடந்தது.

ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் கணக்கெடுப்புப்படி 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது. அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. மீதமுள்ளதில் ஒரு பங்கு குப்பைமேட்டுக்கும், ஒரு பங்கு கம்பிகளை எரித்துத் தாமிரம் எடுக்கும் இடங்களுக்கும், ஒரு பங்கு இதுபோன்ற இழுப்பறைகளுக்கும் போகிறது. மறுசுழற்சி செய்வது ஆலையின் வேலை. வீட்டில் இருப்பவரின் வேலை, வகை பிரிப்பதும், எதையும் உடைக்காமல் உரியவரிடம் சேர்ப்பதும்தான். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த இரண்டைப் பற்றியே பேசுகிறது.

முதல் படி: எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்புதல்

எளிதில் தீப்பிடிக்காத, ஈரமில்லாத ஒரு தரையில் எல்லாவற்றையும் பரப்புங்கள். முதலில் மூன்று குவியல்கள் போதும்: உள்ளே பேட்டரி உள்ள கருவிகள், பேட்டரி இல்லாத கருவிகளும் கம்பிகளும், தனியாகக் கிடக்கும் பேட்டரிகள். முதல் குவியல் நாம் நினைப்பதைவிடப் பெரிதாக இருக்கும். மின்சாரப் பல்துலக்கி, கம்பியில்லா இயர்போன், பேசும் பொம்மை, கைக்கடிகாரம், ஒளிரும் வாழ்த்து அட்டை, முகச்சவரக் கருவி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் மின்சிகரெட் ஆகிய அனைத்திலும் பேட்டரி இருக்கிறது. பேட்டரி கண்ணுக்குத் தெரியாத கருவிகள்தான் சாதாரணக் குப்பையோடு போய், குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரத்தில் நசுங்கித் தீப்பிடிக்கின்றன.

கருவியிலோ பேட்டரியிலோ சக்கரம் வைத்த குப்பைத்தொட்டியின் மேல் குறுக்குக் கோடிட்ட படம் அச்சிட்டிருந்தால், அதைப் பொதுக் குப்பையில் போடக்கூடாது என்று பொருள். அந்தக் குறி இல்லை என்பதற்காகப் போடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் படி: இது உண்மையிலேயே கழிவுதானா?

ஒரு கைப்பேசி தன் வாழ்நாள் முழுவதும் ஏற்படுத்தும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே முடிந்துவிடுகிறது. ஆகவே அதே கருவியை இன்னும் இரண்டு ஆண்டுகள் ஓட்டுவது, எவ்வளவு நேர்த்தியான மறுசுழற்சியைவிடவும் பயனுள்ளது. கைப்பேசியும் மடிக்கணினியும் "வயதாகிவிட்டன" என்று ஒதுக்கப்படுவதற்குப் பல நேரங்களில் காரணம் பேட்டரி மட்டுமே. லித்தியம் அயன் பேட்டரி சில நூறு முறை முழுமையாகச் சார்ஜ் ஏறி இறங்கியதும் கொள்ளளவை இழக்கத் தொடங்கும். அதை மாற்றினால் கருவி மீண்டும் ஓடும். மடிக்கணினியில் பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி எனப்படும், சுழலும் பாகம் இல்லாத சேமிப்பு வட்டைப் பொருத்துவதும் அப்படித்தான். ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கைப்பேசியை வங்கிப் பரிமாற்றத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். பாட்டுக் கேட்கவோ அலாரம் வைக்கவோ பயன்படுத்தலாம்.

பென்சில் பேட்டரிகளிலும் இந்தச் சோதனை உண்டு. கேமரா ஃபிளாஷிலோ மோட்டார் பொம்மையிலோ "தீர்ந்துவிட்ட" ஆல்கலைன் பேட்டரிக்குச் சுவர்க் கடிகாரத்தில் இன்னும் பல மாத வாழ்வு இருக்கக்கூடும், ஏனெனில் கடிகாரம் இழுக்கும் மின்னோட்டம் மிகவும் குறைவு. ஆனால் பழையதையும் புதியதையும் ஒரே கருவியில் கலந்து போடாதீர்கள். பலவீனமான பேட்டரியை வலுவானது எதிர்த்திசையில் தள்ள, அது கசியும்.

மூன்றாம் படி: தகவல்களை அழித்தல்

கருவியைக் கைமாற்றும் முன் செய்ய வேண்டிய வேலைகளில் வரிசை முக்கியம். முதலில் தேவையானவற்றை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, கடவுச்சொல்லோடு கூடுதலாகக் கேட்கப்படும் குறியீட்டைத் தரும் இரட்டைச் சரிபார்ப்புச் செயலிகளைப் புதிய கைப்பேசிக்கு மாற்றுங்கள். இதை மறந்துவிட்டுப் பழையதை அழித்தவர்கள் தங்கள் கணக்குகளுக்குள்ளேயே நுழைய முடியாமல் திண்டாடுவார்கள். பிறகு கூகுள் கணக்கு, ஆப்பிள் கணக்கு ஆகியவற்றிலிருந்து கருவிக்குள்ளிருந்தே வெளியேறுங்கள். வெளியேறாமல் அழித்தால் திருட்டுத் தடுப்புப் பூட்டு அப்படியே நின்றுவிடும். நல்ல நிலையில் உள்ள கைப்பேசியும் உதிரிபாகக் குவியலுக்குத்தான் போகும். இவை முடிந்தபின் தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டமையுங்கள் (ஃபேக்டரி ரீசெட்). இன்றைய கைப்பேசிகள் தகவலை மறையாக்கம் செய்தே சேமிப்பதால், மீட்டமைக்கும்போது திறவுகோல் அழிந்து தகவல் வாசிக்க முடியாததாகிவிடுகிறது. இறுதியாக, சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றுங்கள். நினைவக அட்டை மீட்டமைப்பில் அழிவதில்லை.

கணினியில் கோப்புகளை நீக்குவதோ சாதாரணமாக ஃபார்மேட் செய்வதோ போதாது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத்தான் அவை அழிக்கின்றன, தகவல் அப்படியே இருக்கும். சுழலும் வன்தட்டு என்றால் முழுவதையும் ஒருமுறை வேறு தகவலால் மேலெழுதுவது போதும். எஸ்எஸ்டியில் மேலெழுதுதல் நம்பகமானதல்ல, ஏனெனில் எந்தச் செல்லில் எழுதுவது என்பதை வட்டின் கட்டுப்பாட்டுச் சில்லே முடிவு செய்கிறது. அதற்கென உற்பத்தியாளர் தரும் பாதுகாப்பான அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். சுத்தியலால் அடித்து உடைக்கும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. சில மடிக்கணினி வன்தட்டுகளின் தகடு கண்ணாடி. அது சில்லுசில்லாகச் சிதறும். கைப்பேசியை அடித்தாலோ உள்ளே இருக்கும் பேட்டரியையே அடிக்கிறோம்.

நான்காம் படி: பேட்டரிகளை இனம் காணுதல்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டுமே படிக்க நேரம் இருப்பவர் இதைப் படிக்கட்டும்.

பேட்டரியின் வேதியியல் அதன் உறையில் எழுதப்பட்டிருக்கும். எழுத்து அழிந்திருந்தால் வோல்ட் எண் கைகொடுக்கும். ஒரு செல்லில் 1.5 வோல்ட் என்றிருந்தால் பெரும்பாலும் அது ஆல்கலைன் அல்லது துத்தநாகக் கரிம வகை. 1.2 வோல்ட் என்றால் நிக்கல் கலந்த, மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய வகை. அதில் காட்மியம் இருந்தால் நஞ்சு அதிகம். 3 வோல்ட் என்றால் நாணயம் போன்ற லித்தியம் செல்; சிஆர் 2032 அந்த வகைதான், 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 3.6, 3.7 அல்லது அதற்குச் சற்று மேல் என்றிருந்தால் லித்தியம் அயன். கையில் தூக்கக் கனமாக, 12 வோல்ட் என்று இருக்கும் பெட்டி பெரும்பாலும் ஈய அமில வகை. குறுக்குக் கோடிட்ட தொட்டியின் கீழே ஈயம் (Pb), காட்மியம் (Cd), பாதரசம் (Hg) ஆகியவற்றின் வேதிக்குறியீடு தென்பட்டால் அந்த உலோகம் உள்ளே இருக்கிறது.

இனம் கண்டபின் முனைகளை மூடுங்கள். லித்தியம் வகைகள் அனைத்துக்கும், 9 வோல்ட் சதுரப் பேட்டரிக்கும் இது கட்டாயம். 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளும் ஒரே பக்கத்தில், விரல் நுனி அகலத்தில் அருகருகே உள்ளன. பெட்டிக்குள் ஒரு சாவியோ, நாணயமோ, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரோ அவற்றின் மேல் விழுந்தால் மின்சுற்று முடிந்துவிடும், நார் உடனே பற்றிக்கொள்ளும். மின்பணியாளர் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு போதும். டேப்பை முனைகளில் மட்டும் ஒட்டுங்கள்; பேட்டரி முழுவதையும் சுற்றிவிட்டால் பிரிக்கும் இடத்தில் இருப்பவருக்கு வகையைப் படிக்க முடியாது. நாணயச் செல்லை இரண்டு டேப்புகளுக்கு இடையே வைத்து ஒட்டுவது எளிது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: நாணயச் செல்லை விழுங்கினால், "தீர்ந்துபோன" செல்லில் எஞ்சியிருக்கும் மின்சாரமே உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆல்கலைன் பேட்டரி கசிந்து வெண்பொடி படிந்திருந்தால், அது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியேறிக் காற்றோடு கலந்து உண்டான காரப் படிவு. வெறும் கையால் தொட வேண்டாம். கையுறை அணிந்து பேட்டரியை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுவிட்டு, கருவியின் முனைகளைச் சில துளி வினிகர் தோய்த்த பஞ்சால் துடைத்து உலரவிட்டால் பல கருவிகள் மீண்டும் வேலை செய்யும். ஈய அமில பேட்டரியின் கசிவு இதற்கு நேர் எதிர். அது கந்தக அமிலம், அதற்குச் சமையல் சோடாவைத் தூவ வேண்டும்.

புடைத்த பேட்டரி

திரை மேலெழும்புவது, மடிக்கணினியின் டச்பேட் அழுந்த மறுப்பது, சமதளத்தில் வைத்த கருவி தள்ளாடுவது ஆகியவை புடைப்பின் அறிகுறிகள். பேட்டரிக்குள் மின்பகு திரவம் சிதைந்து வாயுவாக மாறியிருக்கிறது. இந்த நிலையில் செய்யக்கூடாதவை அதிகம்: சார்ஜ் செய்யாதீர்கள், மூடியை அழுத்தி மூடாதீர்கள், "காற்றை வெளியேற்ற" ஊசியால் குத்தவே குத்தாதீர்கள். நேர்மின்வாயையும் எதிர்மின்வாயையும் பிரித்து வைத்திருக்கும் ஜவ்வு மைக்ரான் கணக்கில் மெல்லியது. ஊசி அதைக் கிழித்ததும் உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்பட்டு, வெப்பம் வெப்பத்தைப் பெருக்கும் தொடர்வினை தொடங்கிவிடும்.

கருவியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, உலர்ந்த மணல் போட்ட உலோக டப்பாவில் வைத்து, வெயிலும் மழையும் படாத வெளிப்புற இடத்தில் வையுங்கள். டப்பாவை இறுக மூட வேண்டாம். வாயு வெளியேற வழி வேண்டும். அன்றைக்கோ மறுநாளோ சேகரிப்பு மையத்தைத் தொடர்புகொண்டு, பேட்டரி சேதமடைந்திருக்கிறது என்று சொல்லி, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள். தபாலிலோ கூரியரிலோ அனுப்பக்கூடாது. தீப்பிடித்துவிட்டால், கதவை மூடிக்கொண்டு வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைப்பதே முதல் வேலை. அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் உண்டு. வெளியே தணல் அணைந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே வினை தொடர்வதால் மீண்டும் பற்றும்.

இணையக் காணொளிகளில் பேட்டரியை உப்பு நீரில் ஊறவைத்துச் "செயலிழக்கச்" செய்யும் முறையைக் காட்டுகிறார்கள். வீட்டில் இதைச் செய்யாதீர்கள். முனைகள் அரித்துப்போனதும் மின்னிறக்கம் நின்றுவிடும், மிச்ச மின்சாரம் உள்ளேயே இருக்கும். நடுவில் ஹைட்ரஜனும் குளோரினும் வெளிவரும். கடைசியில் உலோகம் கலந்த ஒரு வாளித் தண்ணீர் உங்கள் கையில் மிஞ்சும்.

ஐந்தாம் படி: திறக்கவே கூடாதவை

பழைய குழல் தொலைக்காட்சியின் படக்குழாய் வெற்றிடம். உடைந்தால் உள்நோக்கி வெடித்துச் சிதறும். அதன் புனல் பகுதிக் கண்ணாடியில் ஈயம் உண்டு. அணைத்து வைத்த பின்னும் உயர் மின்னழுத்தம் நெடுநேரம் தங்கும். மைக்ரோவேவ் அடுப்பின் மின்தேக்கியும் அப்படியே, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரத்தை வைத்திருக்கக்கூடும். குளிர்சாதனப் பெட்டியின் குழாயை அறுத்தால் குளிர்வாயு வெளியேறும். பழைய பெட்டிகளில் அது ஓசோன் படலத்தைத் தின்னும் வாயு, புதியவற்றில் பல ஐசோபியூட்டேன், அது எரியும். ஈய அமில பேட்டரியின் அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கனம் குறைத்துத் தருவது பரவலான பழக்கம். நிமிர்ந்த நிலையில், அமிலத்தோடு முழுதாகத் தருவதுதான் சரி.

குழல் விளக்கு, சிஎஃப்எல் ஆகியவற்றில் சில மில்லிகிராம் பாதரசம் உள்ளது. உடைந்தால் சன்னலைத் திறந்து, ஏசியை நிறுத்தி, எல்லாரும் பத்து நிமிடம் அறையை விட்டு வெளியேறுங்கள். பிறகு தடித்த அட்டையால் துண்டுகளை அள்ளி, நுண்ணிய பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போடுங்கள். வாக்குவம் கிளீனரைப் பயன்படுத்தாதீர்கள், அது பாதரச ஆவியை வீடு முழுக்கப் பரப்பும்.

ஆறாம் படி: ஒப்படைக்கும் வரை சேமித்தல்

மூன்று கொள்கலன்கள் போதும்: முனை மூடிய பேட்டரிகளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, கருவிகளுக்கு ஒரு அட்டைப்பெட்டி, விளக்குகளுக்கு அவை வந்த அட்டை உறையே. பேட்டரி டப்பாவில் லித்தியம் வகையைத் தனிப் பையில் வையுங்கள். சமையலறையும் வெயில் விழும் சன்னலோரமும் வீட்டை விட்டு வெளியேறும் வழியும் இதற்கான இடங்கள் அல்ல. டப்பாவின் மேல் முதல் பேட்டரி விழுந்த தேதியை எழுதுங்கள். ஆறு மாதம் தாண்டினால் நிரம்பாவிட்டாலும் கொண்டுபோய்க் கொடுங்கள். கைப்பேசி, மடிக்கணினிகளில் எளிதாகக் கழற்ற முடியாத பேட்டரியை நெம்பி எடுக்க வேண்டாம். பசையால் ஒட்டிய பேட்டரியை நெம்புகோலால் தூக்குவது ஊசியால் குத்துவதற்குச் சமம்.

ஏழாம் படி: யாரிடம் கொடுப்பது

பல நாடுகளில், விற்ற பொருளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் கடமையை உற்பத்தியாளர் மீதே சட்டம் சுமத்தியிருக்கிறது. ஆகவே கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் திரும்பப் பெறும் திட்டத்தை முதலில் பாருங்கள். அடுத்து உள்ளாட்சி அமைப்பின் சேகரிப்பு நாள்கள். அதற்கடுத்து அரசு அனுமதி பெற்ற மறுசுழற்சியாளர்.

அனுமதி பெற்றவர் என்று சொல்லிக்கொள்பவரிடம் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். உங்கள் அனுமதி எண் என்ன, அதை எங்கே சரிபார்க்கலாம்? சர்க்யூட் பலகைகளைக் கடைசியில் எந்த உருக்காலைக்கு அனுப்புகிறீர்கள்? பேட்டரிகளை அரைக்கும் முன் பிரிக்கிறீர்களா? தகவல் அழிப்புச் சான்று தருவீர்களா? இரண்டாம் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் வேறொருவரைத் தேடுவது நல்லது. பலகையில்தான் தங்கம் இருக்கிறது. அதை அமிலத் தொட்டியில் முக்கித் தங்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை ஆற்றில் விடுபவரும் உங்களிடம் புன்னகையோடுதான் வாங்குவார், கூடுதல் விலையும் தருவார். கழிவை முறையாகக் கையாளும் செலவு எதையும் ஏற்காதவருக்கு அந்த விலை கட்டுப்படியாகும்.

ஆலையில் நடப்பது

டோக்கியோ 2020 ஒலிம்பிக், பாராலிம்பிக் போட்டிகளுக்கான ஏறத்தாழ 5,000 பதக்கங்களும் மக்கள் கொடுத்த பழைய கருவிகளிலிருந்தே செய்யப்பட்டன. அவற்றில் கைப்பேசிகள் மட்டும் 62 லட்சத்துக்கு மேல். அவ்வளவிலிருந்தும் கிடைத்த தங்கம் சுமார் 32 கிலோ. ஒரு கைப்பேசியில் உள்ளது மில்லிகிராம் கணக்கில்தான் என்பதும், அதனால் வீட்டில் தங்கம் பிரித்தெடுக்க முயல்வது எவ்வளவு வீண் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

முறையான ஆலையில் பேட்டரி, பாதரச விளக்கு, அச்சுப்பொறியின் மைத்தூளான டோனர் ஆகியவற்றை முதலில் கையால் அகற்றுகிறார்கள். பிறகு கருவி அரைபட்டு, காந்தம் இரும்பை இழுத்துக்கொள்ள, சுழல் மின்னோட்டப் பிரிப்பான் அலுமினியத்தையும் தாமிரத்தையும் தனியே எறிய, அடர்த்தி வேறுபாட்டால் பிளாஸ்டிக் பிரிகிறது. பலகைகள் தாமிர உருக்காலைக்குப் போகின்றன. உருகிய தாமிரம் தங்கம், வெள்ளி, பல்லேடியம் ஆகியவற்றைத் தன்னுள் இழுத்துக்கொள்ள, பின்னர் மின்னாற்பகுப்பில் அவை பிரிக்கப்படுகின்றன. லித்தியம் அயன் பேட்டரிகள் ஆக்சிஜன் இல்லாத சூழலில் அரைக்கப்பட்டுக் கருந்தூளாகின்றன. கோபால்ட், நிக்கல், லித்தியம் ஆகியவை அதிலிருந்து அமிலக் கரைசல் வழியாக மீட்கப்படுகின்றன. ஒரே ஒரு லித்தியம் அயன் பேட்டரி கவனிக்கப்படாமல் ஈய அமில பேட்டரிகளோடு கலந்து உலைக்குப் போனால் அங்கேயே வெடிக்கும். நான்காம் படியில் வோல்ட் எண்ணைப் படிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

குடியிருப்பிலோ அலுவலகத்திலோ பெட்டி வைப்பவர்களுக்கு

சேகரிப்புப் பெட்டியில் கையை நுழைக்க முடியாத அளவு சிறிய திறப்பு வையுங்கள். இல்லையென்றால் பழைய கைப்பேசிகள் காணாமற்போகும். பக்கத்தில் ஒரு டேப் சுருளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். "முனையை மூடவும்" என்ற அறிவிப்பு மட்டும் இருந்தால் யாரும் மூடுவதில்லை, கைக்கெட்டும் தூரத்தில் டேப் இருந்தால் மூடுகிறார்கள். புடைத்ததும் ஈரமானதும் பெட்டிக்குள் வரக்கூடாது என்று படத்தோடு எழுதுங்கள். பொறுப்பாளர் ஒருவர் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

கருவிகளை எல்லை தாண்டி அனுப்பும் நிறுவனங்களுக்கு ஒரு சொல்: அபாயக் கழிவுகள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்த 1989இல் கையெழுத்தான பாசல் உடன்படிக்கையின் திருத்தப்படி, 2025 ஜனவரி 1 முதல் அபாயமற்ற மின்னணுக் கழிவுக்கும் பெறும் நாட்டின் முன் ஒப்புதல் தேவை. "பயன்படுத்திய பொருள்" என்று சீட்டு ஒட்டி அனுப்பினாலும், அது ஓடுகிறது என்பதற்கான சோதனை அறிக்கையை ஒவ்வொரு கருவிக்கும் வைத்திருங்கள்.

ஒப்படைத்ததும் கருவியின் தொடர் எண் குறித்த ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னர் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் கருவிப் பட்டியலைத் திறந்து அந்தக் கைப்பேசியின் பெயரை நீக்குங்கள். சில வாரம் கழித்து அது மறுபடி அந்தப் பட்டியலில் "செயலில் உள்ளது" என்று தலைகாட்டினால், ரசீதோடு போய்க் கேட்க வேண்டிய இடம் எது என்று உங்களுக்குத் தெரியும்.